என் குடத்தை வாங்கிக்கொண்டவள்

என்னைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் பூங்காவனத்தைப் பற்றித்தான் கேட்கிறார்கள். போன மாதம்கூட எங்கள் பழைய நிறுவனத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். எல்லாம் சின்ன வயதுக்காரர்கள். இப்போது அவர்கள் தெருவில் நாடகம் போடுவதில்லை. செல்போனில் குட்டிக் குட்டியாகப் படம் எடுத்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், தொட்டியைக் கழுவுங்கள் என்று வாட்சப்பில் அனுப்புகிறார்கள். நாடகம் போட்ட பழைய ஆட்களிடம் பேசிப் பதிவு செய்துகொள்ளலாம் என்று வந்ததாகச் சொன்னார்கள். நான் காபி போட்டுக் கொடுத்து, நல்ல புடவையாக மாற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். போனை என் முகத்துக்கு நேராக நிறுத்திவிட்டு அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி:

"மேடம், நீங்க பூங்காவனம் அக்காகூட நடிச்சிருக்கீங்களாமே, அவங்க எப்டி?"

பூங்காவனம் என்னோடு நடித்தாள் என்று யாரும் சொல்வதில்லை. நான்தான் அவளோடு நடித்தவள்.

வந்தவர்களுக்கு நல்லபடியாக நாலு வார்த்தை சொல்லி அனுப்பினேன். அவர்கள் போனபிறகு மனசு அடங்கவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் பெரிய காஞ்சிபுரத்தில் நெசவுக் குடும்பத்தில் பிறந்து, நெசவுக் குடும்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். பெயர் தனலட்சுமி. தனம் என்றால்தான் தெருவில் தெரியும். ராட்டையில் நூலைத் தார் சுற்றும்போது வாய் சும்மா இருக்காது, பாடிக்கொண்டே இருப்பேன். தொண்ணூறுகளின் நடுவில், கிராமங்களில் குடிதண்ணீரைப் பற்றி நாடகம் போட, பாடத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று ஒரு நிறுவனத்தார் எங்கள் தெருவில் வந்து கேட்டார்கள். என் கணவர் தறியிலிருந்து தலையைத் தூக்காமல், "போயேன். இங்க பாடறத அங்க பாடு. காதாவது கொஞ்சம் ஓயும்" என்றார். போனேன்.

பயிற்சியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓடச் சொன்னார்கள், கத்தச் சொன்னார்கள், கண்ணைக் கட்டிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். வெட்கம் போனது. அவ்வளவுதான்.

எங்கள் குழுவை நடத்தியவர் ஞானசேகரன் சார். பள்ளிக்கூட வாத்தியார் வேலையை விட்டுவிட்டு நாடகத்துக்கு வந்தவர். சத்தம் போட மாட்டார். பாராட்டவும் மாட்டார். நாடகம் ஆரம்பித்ததும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். கடைசிவரை எங்கள் பக்கம் திரும்ப மாட்டார். ஒருநாள் நான் கேட்டுவிட்டேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்கன்னு எனக்குத் தெரியும்மா. அவங்க என்ன பண்றாங்கன்னுதான் எனக்குத் தெரியாது" என்றார்.

நாடகம் முடிந்து வேனில் ஏறியதும் எங்களுக்கு வந்து சேர்வதெல்லாம் இப்படித்தான் இருக்கும்: "தனம், நீ அழுதப்ப மூணாவது வரிசைல ஒரு அம்மா கொட்டாவி விட்டாங்க." அன்றைக்குச் சோறு இறங்காது எனக்கு. அவர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை 'நல்லாப் பண்ணினே' என்று கேட்டுவிட வேண்டும் என்பதற்காகவே நான் செய்யூர் பக்கமும் உத்திரமேரூர் பக்கமும் வெயிலில் காய்ந்தேன்.

எங்கள் முறையைச் சொல்கிறேன். முதல் நாள் பகலில் ஊருக்குப் போவோம். ஊரில் குடிக்கிற தண்ணீர் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் தண்ணீர் பிடிப்போம். குப்பிக்குள்ளே முன்பே மருந்து இருக்கும். குழாயென்றால் முதலில் கொஞ்ச நேரம் தண்ணீரை ஓடவிட வேண்டும். பிறகு மூடி, குழாயின் வாயைத் துடைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைக் கொளுத்திக் காட்ட வேண்டும். ஆறினதும் மறுபடி திறந்து, குப்பியில் போட்டிருக்கிற கோடுவரை பிடிக்க வேண்டும். மூடியின் உள்பக்கம் விரல் படக்கூடாது. பட்டால் அது நம் கை அழுக்கைத்தான் காட்டும், தண்ணீரை அல்ல. எந்த இடத்துத் தண்ணீர் என்று எழுதி ஒட்டி, துண்டில் சுற்றி வைத்துவிடுவோம். மறுநாளுக்குள் தண்ணீர் கறுத்துவிட்டால் அதில் கழிவு கலந்திருக்கிறது, குடிக்க ஆகாது.

மறுநாள் சாயங்காலம் நாடகம். கதை எப்போதும் ஒன்றுதான். ஒரு வீட்டில் பிள்ளைக்கு வாந்தி பேதி. தண்ணீரால்தான் என்று மருமகள் நினைக்கிறாள். பரம்பரையாகக் குடிக்கிற தண்ணீர், உன் பிள்ளைக்கு மட்டும் ஆகாதா என்கிறாள் மாமியார். கதையின் நடுவில் அந்த ஊர்க் குப்பிகளையே கொண்டுவந்து வரிசையாக வைப்போம். எது கறுத்திருக்கிறது என்று ஜனங்களே எழுந்து வந்து பார்ப்பார்கள். அப்போது மருமகள் இடுப்பில் குடத்தோடு அப்படியே சிலை மாதிரி நின்றுவிடுவாள். ஞானசேகரன் சார் கையைத் தட்டி, "இப்ப இவ என்ன செய்யணும்?" என்று கூட்டத்தைக் கேட்பார். யாராவது பதில் சொன்னால், "சொல்லாதீங்க, வந்து செஞ்சி காட்டுங்க" என்பார். அவர்கள் வந்து மருமகளிடமிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு அந்த இடத்திலிருந்து நடிக்க வேண்டும். அதுதான் எங்கள் நாடகத்தின் உயிர்.

குடத்தில் உண்மையாகவே தண்ணீர் இருக்கும். காலிக் குடம் வைத்துக்கொள்ள சார் விடமாட்டார். "பாக்கறவங்க எல்லாரும் தெனம் தண்ணி தூக்கறவங்க தனம். காலிக்குடம்னா உன் இடுப்பே காட்டிக்குடுத்துடும்" என்பார்.

மருமகள் நான். மாமியாராகப் புடவை கட்டிக்கொண்டு நடித்தவர் முனுசாமி அண்ணன், கூத்தில் பெண் வேஷம் கட்டிய ஆள். வேன் ஓட்டுவதும் மேளம் அடிப்பதும் பாஷா பாய். குழுவில் நான் ஒருத்திதான் பெண். எந்த ஊரில் இறங்கினாலும் "மருமவ வந்துட்டாபா" என்றுதான் பிள்ளைகள் ஓடிவரும். அந்தச் சுகத்தில் நாலு வருஷம் போனது.

மாகறலைத் தாண்டி, ஆற்றை ஒட்டிய ஒரு கிராமத்துக் காலனியில் நாடகம் போட்டபோதுதான் அவள் வந்தாள். நான் குடத்தோடு சிலையாக நிற்கிறேன். சார் கையைத் தட்டிக் கேட்டார். வழக்கம்போல ஆளாளுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே புத்தி சொன்னார்கள். பின்னாலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். கறுத்து, ஒல்லியாக, நடவு வேலையிலிருந்து நேரே வந்தவள்போலப் புடவையைத் தூக்கிச் செருகியிருந்தாள். என்னிடம் எதுவும் கேட்கவில்லை. என் இடுப்பிலிருந்து குடத்தை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். கூட்டத்தைத் திரும்பிப் பார்க்காமல் நேரே மாமியாரிடம் போய்க் குடத்தை இறக்கினாள். ஒரு சொம்பு மொண்டு, முனுசாமி அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நல்ல தண்ணின்னு சொல்றியே அத்த. மொதல்ல நீ குடி. அப்பறம் எம்புள்ளைக்குக் குடுக்கறேன்."

அவ்வளவுதான். வேறு எதுவும் பேசவில்லை. சொம்பை நீட்டியபடி நின்றாள். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் வந்து பேசி முனுசாமி அண்ணனை மடக்கப் பார்த்திருக்கிறார்கள். எல்லோரையும் அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசி விரட்டிவிடுவார். அன்று அவர் வாயைத் திறந்தார், மூடினார். கூட்டம் முதலில் சிரித்தது. அவள் கை இறங்கவில்லை. சிரிப்பு மெல்ல அடங்கியது.

நான் ஓரத்தில் வெறும் இடுப்போடு நின்றுகொண்டிருந்தேன். அப்போது அதைப் பார்த்தேன். ஞானசேகரன் சார் திரும்பி உட்கார்ந்து நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாலு வருஷமாக நான் பார்த்தது அவர் முதுகை மட்டும்தான். அந்த நிமிடம் என் நெஞ்சில் பற்றிக்கொண்டதற்கு வேறு பெயரெல்லாம் வைக்க மாட்டேன். பொறாமைதான்.

அவள்தான் பூங்காவனம். இரண்டே வாரத்தில் குழுவில் சேர்ந்துவிட்டாள். சீக்கிரமே முனுசாமி அண்ணனுக்கு முழங்கால் வலி வந்து நின்றுவிட, மாமியார் இடம் காலியானது. ஒருநாள் ஒத்திகை நேரத்தில் சார் என்னைப் பார்த்து, "தனம், நீ மாமியார் பண்ணு" என்றார். சாதாரணமாக, விசிறியைக் கொஞ்சம் தள்ளி வை என்று சொல்வதுபோல. எனக்கு அப்போது முப்பத்தி மூன்று வயது. அவளுக்கும் எனக்கும் வயதில் பெரிய வித்தியாசம்கூட இல்லை.

அவளுக்குப் பாட வராது. சுருதியென்றால் என்னவென்றே தெரியாது. அதனால் மருமகள் பாட்டை நான் பாஷா பாய்க்குப் பின்னால் நின்று பாட, அவள் வாயை அசைப்பாள். திருமுக்கூடலில் நாடகம் முடிந்ததும் ஒரு பெரியவர் அவளிடம் வந்து, "இன்னா கொரலும்மா உனுக்கு! ஆத்துல தண்ணி போற மாதிரி இருக்குது" என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "நான் பாடலபா, அக்காதான் பாடுச்சி" என்றுதான் சொன்னாள். அவர் காதில் அது ஏறவில்லை. அவள் உண்மையைச் சொன்னது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சொல்லாமல் இருந்திருந்தால் அவளைத் திட்டவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும்.

பத்திரிகைக்காரர் ஒருவர் வந்து படம் எடுத்தார். மறுநாள் பேப்பரில் பூங்காவனம் முகம் பெரிதாக வந்தது. ஓரத்தில் ஒரு கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை என்னுடையது. வளையலை வைத்து என் கணவர் கண்டுபிடித்தார். "உன் கையாச்சும் வந்திச்சே" என்று அவர் சிரிக்க, நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே சொன்னார்: "தனம், நீ வூட்டுக்கு வந்தா அந்தப் பொண்ணப் பத்தி மட்டுந்தான் பேசற. நாங்கள்லாம் இருக்கோம்மே இங்க."

வேனில் அவளும் நானும் பக்கத்துப் பக்கத்து சீட்டு. அவள் கட்டிக்கொண்டு வருகிற புளிச்சோற்றில் பாதியை எனக்குப் போடுவாள். வாங்கிச் சாப்பிடுவேன். சாப்பிட்டுக்கொண்டே அவள் முந்தின நாள் கைத்தட்டல் வாங்கிய இடத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன். அந்த இடத்தில் அவள் என்ன செய்தாள்? ஒன்றுமே செய்யவில்லையே, சும்மாதானே நின்றாள்? அதுதான் எனக்கு வராது. ஒன்றும் செய்யாமல் நிற்க எனக்கு வராது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த ஊருக்குப் போனோம். ஊரின் பெயர் வேண்டாம், அங்கே இன்னும் மனிதர்கள் இருக்கிறார்கள்.

அந்த ஊரில் பிள்ளைகளுக்கு வாந்தி பேதி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிள்ளைகளில் ஒன்று திரும்பி வரவில்லை. ஊர்த்தெருவில் மேல்நிலைத் தொட்டி, வீட்டுக்கு வீடு குழாய். காலனிக்கு அந்தக் குழாய் போகவில்லை. அவர்களுக்கு ஒரு கைபம்பு மட்டும். ஊர்த்தெருவில் எல்லோரும் அடித்துச் சொன்னார்கள், நோய் காலனிப் பக்கத்திலிருந்துதான் வருகிறது என்று. நாங்களும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு குப்பிகளைத் துண்டில் சுற்றி வைத்தோம்.

மறுநாள் துண்டைப் பிரித்தால் ஊர்த்தெருக் குழாய்க் குப்பிகள் அத்தனையும் மை மாதிரி கறுத்திருந்தன. காலனிப் பம்புக் குப்பி முந்தின நாள் பிடித்தது போலவே தெளிவாக இருந்தது.

ஞானசேகரன் சார் நம்பவில்லை. பெயரை மாற்றி ஒட்டிவிட்டோமோ என்று எங்களைச் சந்தேகப்பட்டார். மறுபடி அவரே போய், ஒவ்வொரு குழாயாகக் கொளுத்தி, பிடித்து, அவரே எழுதி ஒட்டினார். மறுபடியும் அதேதான். பிறகு குழாய் போகிற வழியைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது தெரிந்தது, ஓரிடத்தில் அது சாக்கடைக்கு அடியில் போகிறது, அங்கே விரிசல். தண்ணீர் விடாத நேரத்தில் சாக்கடையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சரிசெய்ய வேண்டியவர்களுக்குச் சொல்லியாயிற்று. எப்போது வருவார்கள் என்று தெரியாது. பெரியவர்கள் காய்ச்சிக் குடிக்கலாம். பிள்ளைகள் குழாயில் வாய் வைத்துக் குடிக்கும். அதுவரைக்கும் நல்ல தண்ணீர் என்றால் காலனிப் பம்புத் தண்ணீர்தான். ஊர்த்தெருப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு காலனிக்குப் போக வேண்டும். அதைத்தான் நாடகமாகப் போட வேண்டும்.

நாங்கள் பள்ளிக்கூட வராண்டாவில் உட்கார்ந்து கதையை மாற்றிக்கொண்டிருந்தோம். ஊர்ப் பெரிய மனிதர்கள் மூன்று பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள்.

"நாடகம் போடுங்க சார், நல்ல விஷயந்தான். கோயிலாண்டயே போடுங்க, லைட்டு போட்டுத் தரோம். இந்தம்மா வரட்டும், பாய் வரட்டும். அந்தப் பொண்ணு மட்டும் வேணாம். அது எந்தப் பக்கம்னு எங்களுக்குத் தெரியும். தெருவுக்குள்ள வந்து ஆடுச்சின்னா பசங்க சும்மா இருக்க மாட்டானுங்க. அப்பறம் எங்களச் சொல்லாதீங்க."

பூங்காவனம் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தாள். புடவையில் ஒட்டியிருந்த நெருஞ்சி முள்ளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போனார்கள். பிள்ளைகள் சாகிற ஊர். நாடகமே போடாமல் திரும்பினால் ஒன்றும் நடக்காது. அது எல்லோருக்கும் தெரியும். கடைசியில் அவர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக் கேட்டார்:

"தனம், இந்த ஒரு ஊருக்கு மட்டும், பழையபடி நீ மருமகள் பண்றியா? மாமியார நான் பாத்துக்கறேன்."

எத்தனை நாள் காத்திருந்த வார்த்தை! ஆனால் அது வந்த வழியைப் பார்த்தேன். அந்த மூன்று பேர் வாங்கித் தந்த இடம் அது. நான் நன்றாக நடிப்பேன் என்று யாரும் அதைத் தரவில்லை. ஏற்றுக்கொண்டால், வாழ்நாள் முழுக்க, அவளை உள்ளே விடாததால்தான் தனத்துக்குக் கிடைத்தது என்று ஆகும். அவளை நடிப்பில் ஜெயித்து வாங்க வேண்டும் என்று நான் துடித்த ஒன்றை, எவனோ ஒருத்தன் பிச்சையாகப் போடுவதா? எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெரிய மனிதர்கள் அவளை அவமானப்படுத்தியதற்காக என்று சொல்ல ஆசைதான். அது கால் பங்குகூட இல்லை.

"மாட்டேன் சார்" என்றேன்.

சார் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

பாஷா பாய்தான் வழி சொன்னார். "சார், பஸ் நிக்கிற எடம் யாருது? கவர்மெண்ட் ரோடு. ஊர்க்காரனுக்கும் சொந்தமில்ல, காலனிக்காரனுக்கும் சொந்தமில்ல. அங்க போட்டா எவன் கேப்பான்? நான் மேளத்தப் போட்டேன்னா ரெண்டு பக்கமும் வரும் பாருங்க."

அப்படியே ஆயிற்று. வெயில் சாயும் நேரத்தில் பஸ் நிற்கிற இடத்தில் மேளம் அடித்தார். சாலைக்கு அந்தப் பக்கம் ஊர்த்தெரு, இந்தப் பக்கம் காலனி. நடுவில் நாங்கள். அந்தப் பெரிய மனிதர்கள் தூரத்தில் டீக்கடை வாசலில் நின்றார்கள். யாரும் ஒன்றும் செய்யவில்லை.

கதை இதுதான். பேரனுக்கு உடம்பு சரியில்லாத ஊர்த்தெரு மாமியார், காலிக் குடத்தோடு காலனிக்கு வந்து, அங்கே தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிற பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறாள். அவள் ஊற்றுகிறாள். மாமியார் குடித்துப் பார்த்துவிட்டுக் குடத்தை நிரப்பிக்கொள்கிறாள். அங்கே நிறுத்தி, வீட்டுக்குப் போனால் இவளை என்ன சொல்வார்கள் என்று கூட்டத்தைக் கேட்க வேண்டும். நான் மாமியார். பூங்காவனம் காலனிப் பெண்.

"கொஞ்சம் தண்ணி ஊத்துமா" என்றேன்.

அவள் ஊற்றவில்லை. குடம் அவள் இடுப்பிலேயே இருந்தது.

"யார் தண்ணி இது?" என்றாள்.

இது ஒத்திகையில் இல்லை. "பம்புத் தண்ணி" என்றேன்.

"யார் பம்பு?"

"உங்க பம்பு."

"அதான் கேக்கறேன். நேத்துவரைக்கும் எங்களப் பாத்தா மூஞ்சியத் திருப்பிக்கினு போவியே. இன்னிக்கி இன்னா?"

நான் சாரைப் பார்த்தேன். முதுகுதான் தெரிந்தது. ஊர்த்தெருப் பக்கத்து முகங்களை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உதவி இல்லை. நிறைகுடம் அவளிடம், காலிக் குடம் என்னிடம். இத்தனை ஜனத்துக்கு முன்னால் என்னை மாட்டிவிட்டாளே என்று உடம்பெல்லாம் தீயாக இருந்தது. அப்போது என் வாயிலிருந்து வந்தது மாமியார் வசனம் இல்லை.

"ஆமாண்டி. திருப்பிக்கினுதான் போனேன். உன்னப் பாத்தா எனுக்கு எரியுது. எங்கிட்ட இல்லாதது உங்கிட்ட இருக்குது. அதத்தான் உன்னயே கேட்டுக்கினு நிக்கிறேன். கேக்கப் புடிக்கல. ஆனா கேக்கறேன். ஊத்து."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பூங்காவனத்தின் கண்ணில் ஏதோ மாறியது. அவளுக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் அவள் அசையவில்லை. நானும் அசையவில்லை. அன்றுதான், முதல் தடவையாக, ஒன்றும் செய்யாமல் நிற்க எனக்கு வந்தது.

ஊர்த்தெருப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் பிள்ளை முந்தின நாள்தான் பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தது. பிள்ளையைப் பக்கத்திலிருந்தவள் மடியில் போட்டுவிட்டு, வேகமாகச் சாலையைத் தாண்டி வந்தாள்.

"அந்தம்மாவுக்கு ஊத்தலன்னாலும் எனுக்கு ஊத்து தாயி" என்று சொல்லி, குனிந்து, இரண்டு கையையும் குவித்து நீட்டினாள்.

அவசரத்தில் நீட்டினாள், அவ்வளவுதான். ஆனால் காலனிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் ஒருமுறை அசைந்தார்கள். ஊர்த்தெருவில் தண்ணீர் கேட்டால் இப்படிக் குனிந்து, கையைக் குவித்துத்தான் அவர்கள் குடித்திருக்கிறார்கள். பூங்காவனம் அந்தக் கைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"கையேந்த வேணாம்மா. சொம்புல குடி" என்றாள்.

சொம்பில் மொண்டு கொடுத்தாள். அந்தப் பெண் வாய் வைத்துக் குடித்தாள். குடித்துவிட்டு அழுதாள். அதன்பிறகு நாடகம் நடக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. இரண்டு பக்கமும் எழுந்து பேச ஆரம்பித்துவிட்டார்கள். காலிக் குடத்தோடு நடுவில் நின்றிருந்த என்னை யாரும் பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து ஊர்த்தெருப் பெண்கள் சிலர் குடத்தோடு காலனிக்குப் போனார்கள். முதலில் நாலைந்து பேர், பிறகு நிறைய. வரிசையில் நிற்க வேண்டியிருந்ததால் காலனிப் பெண்களுக்கு வேலைக்குப் போக நேரமாகி, அதிலும் சண்டை வந்தது. எப்படியோ பிள்ளைகள் தேறின. கொஞ்ச நாளில் குழாயைச் சரிசெய்தார்கள். சரிசெய்த மறுநாள் ஊர்த்தெருவிலிருந்து ஒருத்திகூடப் பம்புக்கு வரவில்லை. அன்று சொம்பில் குடித்த அந்தப் பெண்ணும் வரவில்லை. பாஷா பாய் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார்.

"சொம்புல குடி" என்ற அந்த வார்த்தையை இன்றைக்கும் பயிற்சிகளில் சொல்கிறார்களாம். போன மாதம் செல்போனோடு வந்த பிள்ளைகளும் என்னிடம் அதைப் பற்றித்தான் கேட்டார்கள். அதற்கு முன்னால் நான் பேசியது யாருக்கும் நினைவில்லை. என் வாழ்க்கையிலேயே நான் நன்றாக நடித்தது அந்த ஒரு நாள்தான். அதைச் சார் பார்க்கவும் இல்லை. ஊருக்குத் திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் வந்து அவர் சொன்னது வேறு:

"பூங்காவனத்துக்காக விட்டுக்குடுத்தே பாரு தனம். பெரிய மனசும்மா உனக்கு."

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு. இல்லாத ஒன்றுக்கு. நான் தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த வருஷம் பூங்காவனத்துக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. ஊர் ஊராகப் போய் நாடகம் சொல்லிக்கொடுக்கிற ஒரு பெரிய குழுவில் வேலை. வழியனுப்ப நான் மட்டும்தான் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சார் என்னைத்தான் அனுப்பினார், எங்களுக்குள் அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டு. உச்சி வெயில். சென்னைப் பஸ்ஸுக்காகக் காத்திருந்தோம். அவளுக்கு ஒரு பொட்டலம் மல்லாட்டை, வேர்க்கடலைதான், வாங்கிக் கொடுத்தேன். உரித்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னிக்கி மாட்டேன்னு சொன்னியே, அது எனக்காக இல்லன்னு எனக்குத் தெரியுங்க்கா."

நான் பொட்டலத்திலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து உரித்தேன்.

"எனக்காகச் சொல்லியிருந்தா எனக்குப் புடிச்சே இருக்காது" என்று சிரித்தாள். பிறகு, "எனக்கு உம்மேல ரொம்பப் பொறாமக்கா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்குடி? பாட்டுக்கா?"

"பாட்டுக்கு இல்ல. நானுந்தான அங்க உக்காந்துக்கினு இருந்தேன். அவங்க வந்து பேசிட்டுப் போனாங்க. சார் உன்னக் கேட்டாரு. நீ மாட்டேன்னு சொன்ன. பாய் வழி சொன்னாரு. நானும் மாட்டேன்னு சொல்லணும், இந்த ஊருக்கு ஆடவே மாட்டேன்னு சொல்லணும்னு தொண்டைவரைக்கும் வெச்சிக்கினு இருந்தேன். பூங்கா, நீ இன்னா சொல்றன்னு யார்னா கேப்பாங்கன்னு பாத்தேன். கடைசிவரைக்கும் என்னைய யாருமே கேக்கல."

சென்னைப் பஸ் வந்தது. கூட்டம் முட்டிக்கொண்டு ஏறியது. அவள் ஏறி இடம் பிடித்ததும் பையை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தேன். பஸ் நகரும்போது அவள் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். கேட்க வேண்டியதைக் கேட்க அதுவரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. ஆனால், அன்றைக்கு நீ என்ன சொல்லியிருப்பாய், வேறு எப்படிச் செய்திருக்கலாம் என்றெல்லாம் அவளைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியபோது பஸ் சாலைக்குப் போய்விட்டிருந்தது.